தவிட்டுக் கொய்யா

பெயரொற்றுமை ஒன்றே கொண்டு இனவொற்றுமை துணிதல் தாவரவியலார்க்கு உடன்பாடன்று. தவிட்டுக் கொய்யா என வழங்கும் செடி இதற்குத் தக்க சான்றாகும். இது கொய்யாவன்று, எனினும் கொய்யாவின் உறவினமே. நாவல், கராம்பு, யூக்கலிப்டசு ஆகியனவும் அடங்கிய மிர்ட்டேசியே என்னும் குடும்பத்தைச் சார்ந்தது. ரோடோமிர்ட்டசு தொமெந்தோசா என்பது இதன் அறிவியற் பெயர். ரோசா நிறத்து மிர்ட்டல் என்பது முதற் சொல்லின் பொருள். மென்மயிர் போர்த்தது என்பது இரண்டாவதன் பொருள். இவ்வினம் 1789ஆம் ஆண்டில் மிர்ட்டசுச் சாதியிலே வைத்துப் பெயரிடப்பட்டுப் பின்னர் 1842இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

இது என்றும் பசுமையான குறுஞ்செடி. ஏறக்குறைய 4 மீற்றர் வரை வளரும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. தோல் போன்று தடித்தவை. 5 முதல் 7 சதமமீற்றர் நீளமுடையவை. மேற்புறம் மினுக்கமான பச்சை. கீழ்ப்புறமோ நரைநிற மயிரடர்ந்தது. கொய்யாவிலையில் நடுநரம்பின் இருமருங்கும் பக்கநரம்புகள் பல கிளைக்கும். இதிலோ அடியிலிருந்தே மூன்று நரம்புகள் நுனி நோக்கி ஓடும். பூவுங் காயுமில்லாக் காலத்தும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய இவ்வடையாளம் ஒன்றே போதும்.

பூக்கள் தனித்தோ, இரண்டு மூன்று சேர்ந்தோ தோன்றும். ஒவ்வொன்றும் 2.5 முதல் 3 சதமமீற்றர் அகலமுடையது. அல்லியிதழ்கள் ஐந்து. மலருங்கால் செவ்வூதா கலந்த ரோசா நிறம் கொண்டு, முதிர முதிர வெளிறுவதால் ஒரே செடியில் பல நிறப் பூக்கள் விளங்குவன போலத் தோன்றும். எண்ணிறந்த கேசரங்களும், புல்லிவட்டத்தின் கீழமைந்த சூலகமும் இதன் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் குறிகளாம். கனி 10 முதல் 15 மில்லிமீற்றர் நீளமுடையது. முதிர்ந்தவிடத்துக் கருவூதா நிறமெய்தும். உச்சியில் புல்லிகள் உதிராது முடிபோல் நிற்கும். சதை இனியது, விதைகள் பல.

இலங்கையின் மலைநாட்டிலும் நீலகிரியிலும் தென்கிழக்காசியாவிலும் இது இயற்கையாக வளர்கின்றது. வியற்னாமியர் இதன் கனியிலிருந்து மது வடிப்பர். இலையிலிருந்து பிரித்தெடுத்த ரோடோமிர்ட்டோன் என்னும் சேர்வை சில பற்றீரியங்களை அடக்குமென ஆய்வுகூடங்களிற் கண்டுள்ளனர்.

ஆயினும் அழகு கருதிப் புளோரிடாவுக்கும் அவாயித் தீவுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்ட இச்செடி, ஆங்குக் கொடிய களையாயிற்று. பறவைகள் விதைகளைப் பரப்பின. தீயில் எரிந்தபின்னும் அது மீளத் துளிர்த்தது. அடர்ந்து வளர்ந்து அந்நிலத்துச் செடிகளை நெருக்கியது. தன் நிலத்தில் உணவாய் நிற்பது பிற நிலத்திற் பகையாகின்றது. ஆதலின் ஒரு செடியை நன்றென்றோ தீதென்றோ உரைக்குமுன், அஃது எந்நிலத்துக்குரியது என வினவுதல் வேண்டும். அதற்கும் முதற்படி, அச்செடியை அதன் உறுப்புக்கள் கொண்டு பிழையின்றி இனங்காண்டலேயாம்.