அரைப் பென்னிப் பத்திரிகை

புதுக்கோட்டையில் 1886-ம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது நடை பழகிக்கொண்டிருந்த 1888-ல், விக்டோரியா மகாராணி ஆண்ட லண்டனில் ஒரு குட்டிப் பத்திரிகை பெரிய கலகத்தை மூட்டிவிட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

பத்திரிகையின் பெயர் 'தி லிங்க்'. விலை அரைப் பென்னி. நடத்தியவர்களில் ஒருவர் அன்னி பெஸன்ட் அம்மையார். பிரையன்ட் அண்டு மே என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண்களைச் சந்தித்துப் பேசி, கேட்டதை ஜூன் 23-ந் தேதி இதழில் எழுதிவிட்டார். வேலை நேரத்தில் பேசினால் அபராதமாம். கால் அழுக்காயிருந்தாலும் அபராதமாம்! கூலியே சொற்பம், அதிலும் இந்தக் கழிவு.

"அதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போடுங்கள்" என்றது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். ஜூலை முடிவதற்குள் அபராதங்கள் ஒழிந்தன.

அம்மையாருக்குப் பத்திரிகை புதிதல்ல. அதற்கு முன்பே 'அவர் கார்னர்' என்ற மாத இதழை நடத்தியவர். பதிப்பாளர்கள் வேண்டாமென்று தள்ளிய பெர்னாட் ஷாவின் நாவல்களைத் தொடர்கதையாகப் போட்டவர் அவர்தான். தொடர்கதை இல்லாமல் பத்திரிகை ஏது!

1893-ல் இந்தியாவுக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அம்மையார்தான் முதல் தலைவர். மறு வருஷமே சங்கத்துக்கு 'ஸ்திரீ தர்மம்' என்ற பத்திரிகை வந்துவிட்டது. ஆங்கிலத்தோடு தமிழ்ப் பகுதியும் உண்டு. பால்ய விவாகத்தைப் பற்றியும் பெண்களின் ஓட்டுரிமையைப் பற்றியும் நம் வீட்டுப் பெண்கள் அதில் படித்தார்கள்.

1930-களில் அதன் ஆசிரியையாக இருந்தவர்தான் அந்தப் புதுக்கோட்டைக் குழந்தை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்களே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே இடம் பெற்று, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சட்டசபையில் தேவதாசி முறையை எதிர்த்துப் பேசியபோது, அவருக்கு அது ஊரார் விவகாரமல்ல. தாயார் சந்திரம்மாள் அந்த மரபில் வந்தவர். சட்டசபையை விட்டு 1930-ல் ராஜிநாமாச் செய்து வெளியே வந்த பிறகும் கையில் பேனா இருந்தது, பத்திரிகை இருந்தது.

'ஸ்திரீ தர்மம்' 1936-ல் நின்றுபோயிற்று. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-ல் நிறைவேறியது.