ஒரு கண்ணோடு கார்ப் பந்தயம் ஓடலாமா?

“குழந்தையில் புற்றுநோய் வந்து ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். இப்போது பிள்ளை கார்ட்டிங் ஓட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விடலாமா டொக்டர்?” இப்படிக் கேட்கும் பெற்றோரிடம் குடும்ப வைத்தியர்களாகிய நாங்கள் உடனே “வேண்டாம்” என்று சொல்வதில்லை.

ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் இந்த விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்கு முன்னரே வருகிறது. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிவதும், புதிதாக மாறுகண் ஏற்படுவதும் இதன் அறிகுறிகள். நாம் வாழும் பிரித்தானியாவில் இதற்கான சிறப்பு மையங்கள் ரோயல் லண்டன் வைத்தியசாலையிலும் பேர்மிங்காம் சிறுவர் வைத்தியசாலையிலும் உள்ளன. இந்நோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இங்கு பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் உயிரைக் காக்கச் சில வேளை கண்ணைக் கொடுக்க நேரிடும். கொலம்போ தொலைக்காட்சித் தொடரில் துப்பறிவாளராக நடித்த பீட்டர் ஃபால்க் 3 வயதில் வலது கண்ணை இழந்ததும் இந்நோயால்தான்.

1971இல் லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற ஹெல்மூட் மார்க்கோ, அடுத்த ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸில் தெறித்த கல்லொன்று முகக்கவசத்தைத் துளைத்ததால் இடது கண் பார்வையை இழந்தார். அவருடைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. ஆனால் வளர்ந்தபின் கண்ணை இழப்பதும் குழந்தையில் இழப்பதும் ஒன்றல்ல. குழந்தையின் மூளை ஒரு கண்ணாலேயே உலகை அளக்கப் பழகிவிடும். இரு கண்ணும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு, ஊசியில் நூல் கோப்பது, கோப்பையில் தேநீர் ஊற்றுவது போன்ற கிட்டிய வேலைகளுக்கே மிகவும் உதவுகிறது. தூரத்தில் வரும் வளைவை மதிப்பிட, பொருளின் பருமன், அது பெரிதாகும் வேகம், ஒன்றை ஒன்று மறைக்கும் விதம் எல்லாம் ஒற்றைக் கண்ணுக்கும் கிடைக்கின்றன.

உண்மையான குறை பக்கப் பார்வையில்தான். கண் இல்லாத பக்கமாக முந்த வரும் வண்டி தாமதித்தே தெரியும். ஹெல்மெட் அதை இன்னும் குறுக்கும். ஆகவே தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை, ஆளில்லாத பாதையில் முதலில் பயில வேண்டும். பயிற்சியாளருக்கும் விடயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மிஞ்சியிருப்பது ஒரே கண். அதற்கு அடிபட்டால் முழுக் குருடு. இந்தப் பயம் நியாயமானது. ஆனால் முகம் மூடிய ஹெல்மெட்டோடு ஓடுவதற்குப் பதறும் பெற்றோர், வெறும் முகத்தோடு கிரிக்கெட் விளையாட அனுப்புகிறார்கள்! கண் வைத்தியர்களுக்குப் பந்துதான் பெரிய கவலை. பொலிகார்பனேட் கண்ணாடி விளையாடும்போது மட்டுமல்ல, எந்நாளும் நல்லது.

ஒரு கண்ணுள்ளவர் பார்வைத் தரத்தை எட்டினால் இங்கே கார் ஓட்டலாம். லொறி, பஸ் ஓட்டப் பொதுவாக அனுமதியில்லை. பந்தய உரிமத்துக்குத் தனி மருத்துவ விதிகள் உண்டு. போட்டியின் தரம் கூடக்கூட அவை கடுமையாகும். வண்டி வாங்கக் காசைக் கொட்டுமுன் அந்த அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள். கண் சிகிச்சை நிபுணரின் கடிதத்தையும் இணையுங்கள்.

பந்தயத்தை விட எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. இந்நோய் வந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேருக்கு அது மரபணுவோடு வருகிறது. அவர்களுக்குப் பின்னாளில் எலும்பிலும் தசையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். கல்யாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று நம்மவர் பழைய நோயைப் பிள்ளையிடமே மறைப்பதுண்டு. பந்தயம் ஓடும் பையனுக்குக் கால் நோவது புதினமில்லை. அந்த நோ சில வாரங்களாகியும் மாறாவிட்டால், இரவிலும் வலித்தால், வீக்கம் தெரிந்தால், “கார்ட்டில் அடிபட்டது” என்று எண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் புதியவரென்றால், குழந்தையில் வந்த கண் நோயைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள்.