வீட்டுப்பாடம்: பயிற்சியா, பாரமா?

பள்ளியில் படித்ததை அன்றே ஒருமுறை எழுதிப் பார்த்தால் மனதில் பதியும். வீட்டுப்பாடத்தின் பயன் அதுதான். ஆனால் பள்ளி, மக்தப், டியூஷன் என்று ஓடிக் களைத்த பிள்ளை இஷாவுக்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தால் படிப்பே வெறுத்துவிடும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப்பை கொள்கையும் அதையே சொல்கிறது. 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை தினமும் 1 மணி நேரம், அதற்கு மேல் தினமும் 2 மணி நேரம் என வரம்பு வைக்கிறது.

பெற்றோர்களே! இந்த அளவு மீறினால் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைக்காக நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது பொய்க்குப் பழக்கும். சக்திக்கு மீறிச் சுமத்தாத மார்க்கம் நம்முடையது.