கணினியையும் ரோபோவையும் இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் மாற்றி: தமிழ்வழிக் கற்போர் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ரோபோவியல் ஆய்வகங்களில் கணினிக்கும் ரோபோவுக்கும் இடையே யூஎஸ்பி-சீரியல் மாற்றி அமைகிறது. அது வெறும் இணைப்புக் கம்பி அன்று. மின்னழுத்தம், காலம், எழுத்துக்குறியீடு ஆகிய மூன்றிலும் இரு முனைகளும் ஒத்திருந்தால்தான் கட்டளை பொருளுடன் சென்று சேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: சீரியல் தொடர்பு, ரோபோ, பாட் வீதம், ஒருங்குறி, தமிழ்வழிக் கல்வி

முன்னுரை

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் நடைமுறைக்கு வந்தது. வேதாரண்யம் போன்ற காவிரிக் கடைமடைப் பகுதியின் தமிழ்வழி மாணவர்க்கும் இதனால் பொறியியல் ஆய்வகத்தின் வாயில் மேலும் திறந்துள்ளது. அங்கே ரோபோ அசையாதபோது, பிழை நிரலிலா, ரோபோவிலா, இடையிலுள்ள மாற்றியிலா எனப் பிரித்தறிய வேண்டும். அறியாதவர் சரியான நிரலைத் திருத்திக் கெடுக்கவும், பழுதற்ற பலகையை ஒதுக்கிவிடவும் கூடும்.

மாற்றியின் தேவை

சீரியல் தொடர்பு என்பது தரவைப் பிட் பிட்டாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறை. இதற்கான ஆர்எஸ்-232 தரம் 1960இல் வெளிவந்தது. 1996இல் யூஎஸ்பி அறிமுகமான பின்னர், கணினிகளிலிருந்து பழைய சீரியல் முனை படிப்படியாக மறைந்தது. ஆயினும் ரோபோவின் மூளையாகிய நுண்கட்டுப்படுத்திகளில் அம்முறை எளிமையால் நிலைத்தது. இவ்விடைவெளியை மாற்றியிலுள்ள சில்லு நிரப்புகிறது. அது கணினிக்கு ஒரு சீரியல் முனையாகத் தோற்றமளிக்கிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இ-யந்த்ரா திட்டத்தில் பயன்பட்ட ஃபயர் பேர்டு 5 ரோபோவில் இத்தகைய எஃப்டி232 சில்லு பலகையிலேயே இடம்பெற்றுள்ளது.

மின்னழுத்த ஒப்புமை

ஆர்எஸ்-232 தரத்தில் பிட் 1 என்பது −3 முதல் −15 வோல்ட் வரையிலும், பிட் 0 என்பது +3 முதல் +15 வோல்ட் வரையிலும் அமையும். நுண்கட்டுப்படுத்தியிலோ 0 என்பது ஏறத்தாழ 0 வோல்ட். 1 என்பது 5 அல்லது 3.3 வோல்ட். எனவே ஆர்எஸ்-232 வகை மாற்றியை நுண்கட்டுப்படுத்தியின் முனையில் நேரடியாக இணைத்தால் தரவு தலைகீழாவதுடன் சில்லும் பழுதாகலாம். மாற்றியின் அனுப்பு முனை ரோபோவின் பெறு முனையோடும், பெறு முனை அனுப்பு முனையோடும் குறுக்காக இணைய வேண்டும். தரைமுனை பொதுவாக இருத்தல் வேண்டும். மோட்டார்களுக்குத் தனி மின்கலம் தேவை.

கால ஒப்புமை

இம்முறையில் பொதுக் கடிகாரக் கம்பி இல்லை. இரு முனைகளும் ஒரே பாட் வீதத்தை முன்கூட்டியே ஏற்கின்றன. ஒரு பைட் என்பது தொடக்க பிட், 8 தரவு பிட்கள், நிறுத்த பிட் என 10 பிட்களாகச் செல்லும். தொடக்க பிட்டிலிருந்து எண்ணப்படும் காலப்பிழை இறுதி பிட்டில் அரைப் பிட்டளவை எட்டினால் வாசிப்பு தவறும். ஆகவே இரு முனைகளின் மொத்த வேறுபாடு ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

ஃபயர் பேர்டு 5இன் ஏடிமெகா2560 சில்லு 14.7456 மெகாஹெர்ட்சில் இயங்குகிறது. அதனை 16ஆலும் 9600ஆலும் வகுத்தால் மீதமின்றி 96 கிடைக்கும். 115200 வீதத்திற்கு 8 கிடைக்கும். ஆர்டுயினோ ஊனோவின் 16 மெகாஹெர்ட்சிலோ 115200 வீதத்தில் குறைந்தது 2.1 விழுக்காடு பிழை தவிர்க்க இயலாதது. 9600இல் சீராக இயங்கும் ரோபோ உயர் வீதத்தில் தடுமாறினால் இதுவும் ஒரு காரணமாகலாம்.

மேலும், கணினி முனையைத் திறந்தவுடன் ஊனோ பலகை மீளத் தொடங்கும். உடனே அனுப்பும் முதற்கட்டளை இழக்கப்படுவதால், ஓரிரு வினாடி காத்திருப்பது நலம்.

எழுத்துக்குறியீட்டு ஒப்புமை

‘நில்’ என்னும் சொல்லைக் கட்டளையாக அனுப்புவதாகக் கொள்வோம். ஒருங்குறியில் அது ந, இகரக்குறி, ல, புள்ளி என நான்கு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். மொத்தம் 12 பைட். 9600 வீதத்தில் இதற்கு 12.5 மில்லிவினாடி ஆகும். இது பெருந்தடை அன்று. உண்மைத் தடை வேறு: தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றின் முதற்பைட்டும் 224 என்ற ஒரே எண். முதற்பைட்டை மட்டும் படிக்கும் வழக்கமான பாடநூல் நிரலுக்கு ‘நில்’, ‘செல்’ இரண்டும் ஒன்றே. தரவு பிட் 7 என அமைத்தாலோ தமிழ் எழுத்து முழுதும் சிதையும்.

இதற்குத் தீர்வுகள் இரண்டு. கட்டளையின் இறுதியில் வரிமுடிவுக் குறியை அனுப்பி, அதுவரை சேர்த்த பைட்களை முழுச்சொல்லாக ஒப்பிடுவது ஒன்று. கணினி நிரலே தமிழ்ச்சொல்லை ஒரு பைட் குறியாக மாற்றி அனுப்புவது மற்றொன்று. நினைவகம் குறைந்த ரோபோவுக்கு இது ஏற்றது.

கடலோர ஆய்வகமும் சோதனையும்

உப்பளங்கள் சூழ்ந்த வேதாரண்யம் போன்ற இடங்களில் உப்புக் கலந்த ஈரக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். விட்டுவிட்டு அறுபடும் தொடர்பு நிரற்பிழை போலவே தோன்றும். எனவே ரோபோவைக் கழற்றி, மாற்றியின் அனுப்பு முனையையும் பெறு முனையையும் ஒரு கம்பியால் இணைத்துச் சோதிக்கலாம். தட்டச்சிட்ட ‘நில்’ பிழையின்றித் திரும்பினால் கணினியும் இயக்கி மென்பொருளும் மாற்றியும் சீராக உள்ளன. பிழையை ரோபோவின் பக்கம் தேட வேண்டும். திரும்பாவிடில் ரோபோவின் மீது பழியில்லை.

முடிவுரை

மின்னழுத்தம், காலம், எழுத்துக்குறியீடு என்னும் வரிசையில் ஆராய்ந்தால் இணைப்புப் பிழைகளில் பலவற்றை ஒற்றைக் கம்பியின் துணையாலேயே பிரித்தறியலாம். தமிழில் கட்டளையிடுவதற்கு இம்மாற்றியில் தடையேதும் இல்லை. பைட்களைச் சொல்லாகக் கூட்டிப் படிக்கும் நிரலே தேவை. அறிமுக ஆய்வகப் பாடத்திலேயே இதனைச் சேர்த்தல் தமிழ்வழி மாணவர்க்குப் பயன்தரும்.