இடுப்பில் ஒரு களஞ்சியம்

"மத்தியானச் சாப்பாட்டையே விட்டுட்டன். அப்படியும் வயிறு குறையுதில்லை." வெள்ளவத்தை மரீன் டிரைவில் மாலையில் நடக்க வரும் பெண்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. அந்தச் சாப்பாட்டுக்குப் பதிலாகச் சீனி போட்ட தேநீர் எத்தனை தடவை என்று கேட்டால், பதிலுக்கு ஒரு சிரிப்புத்தான் வரும்.

கொழுப்பை வெறும் பாரம் என்றே நினைக்கிறோம். உண்மையில் கொழுப்பிழையம் ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடக்கும் களஞ்சியம். வாசலில் நிற்பவை நொதியங்கள். இரத்தத்தில் வரும் கொழுப்பை உடைத்து, கொழுப்பமிலங்களாக உள்ளே விடுவது இலிப்போபுரத இலிப்பேசு. சேமித்ததை வெளியே விடுபவற்றில் முக்கியமானது ஓமோன் உணர் இலிப்பேசு. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் முதலாவதைத் தூண்டி, இரண்டாவதை அடக்கிவிடும். உடல் உழைக்கும்போது அதிரனலின் இரண்டாவதை எழுப்பும். மணிக்கொரு தடவை இனிப்புத் தேநீர் குடித்தால் வெளிவாசல் எப்போது திறப்பது?

கொழுப்பமிலங்களும் சும்மா இருப்பதில்லை. கலங்கள் ஏற்பதைவிட வேகமாக அவை குவிந்தால், உள்வாசல் நொதியம் குருதிக்குழாய்ச் சுவரிலிருந்து கழன்றுவிடும். 'இங்கே இடமில்லை' என்பதுபோல. மிஞ்சியவை ஈரலிலும் தசையிலும் போய்ப் படியும். அங்கே இன்சுலினின் சொல் எடுபடாமல் போவது நீரிழிவுக்கு வழி.

இதற்குப் பருத்த உடல்தான் வேண்டும் என்பதில்லை. பூனே வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யூட்கினும் 2004இல் 'லான்செட்' சஞ்சிகையில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. ஆனால் உடற்கொழுப்பு யூட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம்! ஆகவே தராசை மட்டும் நம்பாமல் தையல் பெட்டியிலுள்ள அளவுநாடாவையும் எடுங்கள். தென்னாசியப் பெண்களுக்கு இடைச்சுற்றளவு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே கவனம் வேண்டும்.

மாதவிடாய் நிற்கும்வரை ஈத்திரசன் ஓமோன் கொழுப்பைப் பெரும்பாலும் இடுப்பின் கீழும் தொடையிலும் சேர்க்கிறது. அது குறைந்ததும் சேமிப்பு வயிற்றுக்கு மாறுகிறது. ஐம்பது வயதில் வயிறு வைத்தவளைச் சோம்பேறி என்று பழிப்பது அநியாயம்.

வெளியே வந்த கொழுப்பமிலத்தைத் தசை எரிக்காவிட்டால், ஈரல் அதைத் திரும்பக் கொழுப்பாகக் கட்டி அனுப்பிவிடும். நடப்பது இதற்காகத்தான். கடற்கரை எட்டாத கொட்டாஞ்சேனைச் சகோதரிகளுக்கு மாடிப்படிகள் இருக்கவே இருக்கின்றன. 35 வயதைக் கடந்தவர்கள் சுவநாரி கிளினிக்கில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்ளலாம். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் ஒரு நேரச் சாப்பாட்டையும் விடவேண்டாம். சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும்.