கிணற்று விஞ்ச்: கிரீஸ் அதிகமானாலும் ஆபத்து!

வாழப்பாடி:
கோடையில் தண்ணீர் வற்றியதும் வாழப்பாடி பக்கம் கிணறு தூர் வாரும் வேலை சூடு பிடிக்கும். புழுதிக்குட்டையில் வசிஷ்ட நதியின் குறுக்கே 67.25 அடி உயர ஆணைமடுவு அணை இருந்தாலும், மழை பொய்த்தால் பாக்கு, தென்னைக்கு கிணறுதான் கதி.

பெரிய கிணறு என்றால் இன்ஜின் வைத்த கிரேன் வரும். சின்ன கிணற்றுக்கு கையால் சுற்றும் விஞ்ச் போதும். கப்பலில் நங்கூரம் தூக்குவதும் இதே முறைதான். சின்ன பல்சக்கரம் பல சுற்று சுற்றினால் பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதனால்தான் ஒரே ஆள் பெரிய பாரத்தை ஏற்ற முடிகிறது.

கைப்பிடியை விட்டாலும் பாரம் நிற்பது எப்படி? பல்லில் 'டக் டக்' என விழும் சின்ன கொக்கிதான் காரணம். கீழே நிற்பவர் உயிர் அதில்தான் இருக்கிறது.

கிரீஸ் எங்கே?

'நிறைய கிரீஸ் அப்பினா நல்லது'ன்னு நினைப்பது தப்பு. பல்சக்கரம், பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும். கொக்கியில் அப்பினால் சேறும் மண்ணும் ஒட்டி, கொக்கி பல்லில் சரியாக விழாது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, முனை மழுங்கினாலோ உடனே மாற்ற வேண்டும். பிரேக் பட்டையில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் பிடிக்காமல் வழுக்கும்.

ரோப் கவனம்

இரும்பு ரோப்பில் கம்பி இழை அறுந்து நீட்டிக்கொண்டு இருந்தாலோ, முறுக்கி மடிந்திருந்தாலோ, துரு ஏறி மெலிந்திருந்தாலோ கழித்துவிட வேண்டும். வெறும் கையால் தடவிப் பார்க்கக்கூடாது. கையுறை போட்டு துணியால் துடைத்தால், அறுந்த இழை துணியில் மாட்டி காட்டிக்கொடுக்கும். கூடை அடியைத் தொட்ட பிறகும் டிரம்மில் குறைந்தது 2 சுற்று மிச்சம் இருக்க வேண்டும்.

ரோப் அறுந்தால், 60 அடி மேலே இருந்து விழும் கூடை 2 வினாடிக்குள் கீழே வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 68 கி.மீ. ஒதுங்கக்கூட நேரம் இருக்காது.

எனவே தினமும் ஆள் இறங்கும் முன், பாரம் கட்டிய கூடையை ஒரு அடி தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். அது வழுக்கினால் அன்று வேலை வேண்டாம். கூடை ஏறும்போது கீழே இருப்பவர் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். சரக்கு ஏற்றும் விஞ்சில் ஆளை ஏற்றுவது கூடவே கூடாது.