தன்வரலாறும் தவப்பூனையும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைக் காணச் செல்லும் மாணவ நண்பர்களே, யானைகளை வியந்தவுடன் திரும்பிவிடாதீர்கள். யானையின் அருகே ஒரு பூனை பின்கால்களில் நின்று, முன்கால்களை உயர்த்தித் தவம் புரிகிறது. எலிகள் அச்சமின்றிச் சூழ்ந்திருக்கின்றன. கொடுங்காலம் கழிந்தபின் அறிஞர் சிலர் எழுதும் தன்வரலாறுகளைப் படிக்குந்தோறும் அப்பூனையே எனக்கு நினைவுக்கு வருகிறது.

1975 ஜூன் 25 அன்று பிறந்த நெருக்கடிநிலை 1977 மார்ச் 21 வரை நீடித்தது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. விசாரணையின்றிப் பலர் சிறைப்பட்டனர். அந்நாளில் நம் செங்கற்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த சிட்டிபாபு சென்னைச் சிறையில் தாக்கப்பட்டார். 1977 ஜனவரியில் காலமானார். சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாயிற்று. நாளை என்ன நேருமென அறியாமல் எழுதுவது நாட்குறிப்பு. முடிவு தெரிந்தபின் எழுதுவது தன்வரலாறு. வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

முடிவு தெரிந்தவர் பொய் சொல்லவேண்டியதில்லை. வினையை மாற்றினாற் போதும். ‘முடிவு செய்தோம்’ என்பது ‘முடிவு செய்யப்பட்டது’ ஆகிவிடும். (இலக்கணப் பாடம் எதற்கென்று கேட்கும் பிள்ளைகள் கவனிக்க!) தனிமையில் முணுமுணுத்த ஐயம், ஏட்டில் எதிர்ப்பாக வளர்ந்துவிடும். பிரதமரின் செயலாளராயிருந்த பி. என். தர் 2000-இல் வெளியிட்ட நூல், இந்திரா அம்மையாரோடு ஜெயப்பிரகாச நாராயணருக்கும் பொறுப்பைப் பங்கிட்டது. அப்பங்கீடு முழுதும் தவறென்று சொல்லேன். ஆனால், பங்கிட்டவர் அன்று எங்கே அமர்ந்திருந்தார் என்பதையும் நினைவிற்கொண்டு படிக்கவேண்டும். அன்றைய இணையமைச்சர் பிரணாப் முகர்ஜி, தம் 2014-ஆம் ஆண்டு நூலில், ‘இந்த யோசனை எமதே’ என்று முதலில் உரிமை கொண்டாடியவர்கள் பின்னர் ஷா விசாரணை ஆணைக்குழுவின் முன் தலைகீழாக மாறினர் என்கிறார். எழுத்தாளர் குஷ்வந்த் சிங்கோ, தாம் ஆதரித்ததை மறைக்கவேயில்லை. அவர் கருத்து எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அவரோடு வாதிடலாம். வினையை மாற்றியவரோடு எப்படி வாதிடுவது? அந்நாளைய செய்தித்தாளை எடுத்து அருகில் வைத்துப் படிப்பதொன்றே வழி.

நானும் இக்கணக்கிற் சேர்ந்தவனே. 1976-இல் செங்கற்பட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவனாக, இருபது அம்சத் திட்டத்தைப் புகழ்ந்து மேடையேறிப் பேசிப் பரிசும் பெற்றேன். பின்னாளில் ஆசிரியனாக அக்காலத்தை விளக்கும்போதெல்லாம், ‘அன்று அனைவரும் அஞ்சி வாய்மூடியிருந்தோம்’ என்றே சொல்லிவந்தேன். அச்சொல்லை நானே நம்பவும் செய்தேன். ஓய்வுபெற்றபின் பழைய தகரப்பெட்டியில் அப்பேச்சின் கையெழுத்துப்படி அகப்பட்டது. வாய்மூடியிருந்தவன் எழுதியது மூன்று பக்கம் இருந்தது.